ஷெட்டில் தூங்கும் பழைய கார்: அம்பாசிடரா, பத்மினியா, ஹெரால்டா, ஜீப்பா?

பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி நாலு போட்டோ அனுப்பிக் கேட்டிருந்தார்: "அண்ணா, நாலு வண்டி பார்த்து வெச்சிருக்கேன். கையில இருக்கிற காசுக்கு ஒண்ணுதான் வாங்க முடியும். எதை எடுக்கட்டும்?"

வடகரப்பதியில் ஒரு அம்பாசிடர். பொள்ளாச்சிக்கு மேற்கே ஒரு தோப்பில் பிரீமியர் பத்மினி. ஒற்றப்பாலத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நெம்மாறையில் மகிந்திரா ஜீப். நாலுமே ஓடி வருஷக்கணக்கான வண்டிகள்.

பாலக்காட்டுக் கணவாயின் இரண்டு பக்கமும் இப்படி வண்டிகள் நிறைய உண்டு. மீனாட்சிபுரம், கோபாலபுரம், வேலந்தாவளம் என்று எந்தச் செக்போஸ்ட் வழியாகப் போனாலும், ஒரு ரைஸ் மில் ஷெட்டிலோ தோப்புச் சாளையிலோ தார்ப்பாய் போர்த்திய வண்டி ஒன்று கண்ணில் படும். அதனால்தான் இதே கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. நான் இதுவரை இரண்டு வண்டிகளை எழுப்பி ஓடவிட்டிருக்கிறேன். ஒன்று தப்பாக வாங்கியது, மற்றது சரியாக வாங்கியது. அந்த இரண்டிலும் கற்றதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எதை வைத்து எடை போடுவது

வண்டியின் பெயரைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். முதலில் காகிதம்.

ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? நம் பக்கம் பெரும்பாலும் தாத்தா பெயரில் இருக்கும். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருக்கும். வாரிசு நாலு பேர், அதில் ஒருவர் துபாயில். உரிமையாளர் இறந்துவிட்டால் பெயர் மாற்ற ஃபார்ம் 31 வேண்டும், கூடவே வாரிசுச் சான்றிதழ், மற்றவர்களின் சம்மதம். வண்டியை விற்க ஒருவர் போதும். கையெழுத்துக்கு நாலு பேரும் வேண்டும். கேரளப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவருவதானால் ஃபார்ம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, வரி கட்ட வேண்டும். அந்தத் தம்பியின் முகவரி கேரளத்தில் என்பதால் அவருக்கு இது தலைகீழ்: ஒற்றப்பாலத்து வண்டிக்கு எல்லை தாண்டும் வேலை இல்லை, பொள்ளாச்சி வண்டிக்கு உண்டு. பக்கத்தில் இருப்பதுதான் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம். கையால் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகம் என்றால், அந்த நம்பர் 'வாகன்' கணினிப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பாருங்கள். ஏறாத வண்டிக்கு எந்த வேலையும் நகராது. சேஸிஸ் நம்பர் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்து அப்படியே தாளில் எழும்பும். அதை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் அதைத்தான் பார்ப்பார், நீங்கள் அவருக்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள். சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம், அதன்பின் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 20 வயது தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். பசுமை வரியும், புதுப்பிக்காமல் விட்ட காலத்துக்கான தாமதக் கட்டணமும் தனி. 50 வயது தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு என்ற வழி உண்டு: கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும், நம்பரில் 'விஏ' என்று வரும். ஆனால் அந்தப் பதிவில் தினமும் கடைக்கும் ஆபீசுக்கும் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, அவ்வளவுதான்.

அடுத்தது, அந்த வண்டி எங்கே தூங்கியது என்பது. கம்பெனியைவிட இது முக்கியம். ஒற்றப்பாலம், சொர்ணூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை எல்லாம் அதே மாவட்டம்தான், ஆனால் காய்ந்த கரிசல் காடு. கொஞ்ச தூரத்துக்குள் துருவின் கணக்கே மாறிவிடுகிறது. ஓட்டுக்கூரையா, சிமென்ட் தரையா, மண் தரையா, கோழி அடைந்ததா என்று கேளுங்கள். கோழி எச்சம் தகரத்தை மழையைவிட மோசமாகத் தின்னும்.

நான் தப்பாக வாங்கிய வண்டி இதில்தான் மாட்டியது. கொல்லங்கோடு பக்கம் ஒரு மில் ஷெட்டில் இருந்த பத்மினி. பேட்டரி மாட்டி ஒரே சுற்றில் ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். அந்தச் சத்தத்தில் மயங்கி 35,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டேன். தகர வேலை செய்யும் டிங்கர் ஷெட்டில் இறக்கிய அன்று டிங்கர் அண்ணன் கதவுக்குக் கீழே இருக்கும் பட்டையில் சுத்தியலால் லேசாகத் தட்டினார். உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி, அதாவது பள்ளம் நிரப்பத் தடவும் பூச்சு, பெயர்ந்து விழுந்தது. அதற்குப் பின்னால் தகரமே இல்லை. பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மேலே பட்டி தடவி, பெயின்ட் அடித்திருந்தார்கள். தாளில் மலையாள எழுத்து படிக்கும்படியே இருந்தது. டிங்கர், பெயின்ட் வேலைக்கு மட்டும் வாங்கிய விலையைப் போல நாலு மடங்கு ஆனது. இன்ஜினுக்குச் செலவழித்தது மொத்தமே சில ஆயிரங்கள்.

இரண்டாவது வண்டி 1972 அம்பாசிடர். இன்ஜின் ஜாம். ஆனால் காய்ந்த சிமென்ட் தரையில், நல்ல ஓட்டுக்கூரைக்குக் கீழ் நின்றது. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி நாலு நாள் விட்டோம், கிராங்க் திரும்பியது. கோவையில் ஒரு லேத்தில் ரீபோர் செய்து (சிலிண்டர் துளையைக் கடைந்து), பிஸ்டன் மாற்றி, இரண்டு வாரத்தில் இன்ஜின் வீட்டுக்கு வந்துவிட்டது. உடம்பில் வெட்டி ஒட்ட வேண்டிய இடம் இரண்டே இரண்டு. ஆகவே ஓடுகிற இன்ஜினுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். கெட்ட இன்ஜினைச் சரிசெய்ய நம்மூரில் லேத்துக்குப் பஞ்சமில்லை. கெட்ட உடம்பைச் சரிசெய்யக் கை தேர்ந்த டிங்கர்தான் குறைந்துகொண்டே போகிறார்கள்.

மூன்றாவது, உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் அந்த வண்டியில் கை பழகிய ஆள் இருக்கிறாரா? நாலாவது, வாங்கி என்ன செய்யப்போகிறீர்கள்: தினமும் ஓட்டவா, கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் எடுக்கவா, பாதுகாத்து வைக்கவா? சரி, இனி வண்டிக்கு வருவோம்.

அம்பாசிடர்

மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் உருவத்தில் 1950-களின் கடைசியில் வந்து, 2014 வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரான வண்டி. இத்தனை வருஷம் ஓடியதால் உதிரிபாகத்துக்குக் கவலை குறைவு. சென்னை புதுப்பேட்டையில் கிடைக்காதது அபூர்வம். இங்கே எந்த ஊரிலும் ஐம்பது வயது தாண்டிய மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு இதைப் பிரிப்பார்.

ஒன்றைக் கவனியுங்கள். எல்லா அம்பாசிடரும் ஒன்றல்ல. மார்க் டூ, மார்க் த்ரீ, மார்க் ஃபோர், நோவா என்று முன்கிரில், பம்பர், டாஷ்போர்டு எல்லாம் மாறிக்கொண்டே வந்தன. பழைய மார்க் டூ உடம்பில் நோவாவின் கிரில் மாட்டிய வண்டிகள் ஏராளம். ஓட்டுவதற்கு அதனால் குறை இல்லை, விண்டேஜ் பதிவு கேட்டால் பிரச்சினை. இன்ஜினும் அப்படித்தான். அசல் 1489 சிசி பெட்ரோலை எடுத்துவிட்டு ஏதாவது வேன் டீசலை உட்கார வைத்திருப்பார்கள். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் வண்டி உங்கள் பெயருக்கு வரும்போது அது உங்கள் தலைவலி. கேரளத்தில் இதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மறைந்திருக்கும் செலவு அதன் அளவிலேயே இருக்கிறது. பெரிய உடம்பு, பெயின்ட் அதிகம், குஷன் வேலை அதிகம். டாக்ஸியாக ஓடிய வண்டி என்றால் சொந்த வண்டியாக மாற்றும் காகித வேலை தனி. உடம்பைத் தாங்கத் தனி அடிச்சட்டம், அதாவது சேஸிஸ், கிடையாது, உடம்பேதான் சேஸிஸ். கதவுக்குக் கீழ்ப் பட்டை, முன்பக்க டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதில் வரும் முறுக்குக் கம்பி) பிடித்திருக்கும் இடம், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் தொங்கும் இடம், இந்த மூன்றும் போயிருந்தால் மேலே எவ்வளவு பளபளத்தாலும் விட்டுவிடுங்கள்.

முதல் தடவை இந்த வேலையில் இறங்குகிறவருக்கும், குடும்பத்தோடு பழனி, குருவாயூர் போய்வர நினைப்பவருக்கும் இதைவிட நல்ல வண்டி இல்லை.

பிரீமியர் பத்மினி

இத்தாலியின் ஃபியட் 1100-தான் இது. 1964-இல் 'டிலைட்' என்ற பெயரில் வந்து, 70-களில் பத்மினி ஆனது. பம்பாய் குர்லாவில் 2000 வாக்கு வரை தயாரானது. 1089 சிசி, ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். கையில் பிடித்து ஓட்ட இவ்வளவு இனிமையான வண்டி அந்தக் காலத்தில் வேறில்லை. இதை நான் மனதாரச் சொல்கிறேன், என் பணத்தைத் தின்றதும் இதுதான், இன்றும் வீட்டில் நிற்பதும் இதுதான். ரேடியேட்டர் சுத்தமாக இருந்தால் வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவையும் முனகாமல் ஏறும். ரேடியேட்டரில் பாதி அடைத்திருந்தால் ஆழியாறு தாண்டியதும் முள் சிவப்புக்குப் போய்விடும்.

இன்ஜின், பிரேக், ஸ்டீயரிங் சாமான் இன்னும் கிடைக்கிறது. பம்பாயில் கறுப்பு-மஞ்சள் டாக்ஸியாக இந்த வண்டிதான் ஆயிரக்கணக்கில் ஓடியது. அங்கே கடைசியாகப் பதிவான பத்மினி டாக்ஸி 20 வயது முடிந்து 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றது. அந்த டாக்ஸிகளுக்காகவே சாமான் வைத்திருந்த கடைகளுக்கு இனி நம்மைப் போன்றவர்கள்தான் வாடிக்கை. ஆகவே கிங் பின் செட் (முன்சக்கரம் திரும்பும் ஆணி), வாட்டர் பம்ப், மாஸ்டர் சிலிண்டர் கிட் மாதிரி அடிக்கடி தேவைப்படுவதை ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்துவிடுங்கள். பளபளப்புச் சாமான் கதை வேறு: நல்ல முன்கிரில், பின்விளக்குக் கண்ணாடி, கதவு ஓரத்துக் குரோம் பட்டை எல்லாம் அலைந்து தேட வேண்டியவை. இவை முழுதாக இருக்கும் வண்டிக்குக் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

இதிலும் உடம்பேதான் சேஸிஸ், துரு மட்டும் அம்பாசிடரைவிடச் சீக்கிரம் கண்ணை ஏமாற்றும். இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சக்கர வளைவு, கதவின் கீழ் ஓரம், பட்டை முழுக்க வழுக்கிக்கொண்டே போங்கள். ஒட்டாமல் நழுவும் இடமெல்லாம் பட்டி. அடுத்து, கதவுக்குக் கீழ்ப் பட்டையின் நடுவில் ஜாக்கி வைத்து மெதுவாகத் தூக்கிக்கொண்டே கதவின் இடைவெளியைப் பாருங்கள். சக்கரம் தரையை விடும் முன்பே கதவு இடித்து நின்றாலோ, பட்டை ஜாக்கிக்குள் அமுங்கினாலோ, விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நான் கொல்லங்கோட்டில் செய்யத் தவறியது இதைத்தான்.

இரண்டு மூன்று பேர் உள்ள குடும்பம், நல்ல டிங்கர் கைவசம், ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்: இதற்குப் பத்மினி.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு

நம்ம சென்னையில் பிறந்த வண்டி. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு, உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-இலிருந்து பத்து வருஷம் இங்கே தயாரித்தது, அப்புறம் அதையொட்டி நாலு கதவு 'கஸல்' வந்தது. பானட்டை முன்பக்கமாகத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாமே சேர்ந்து எழுந்துவிடும், முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து இன்ஜினைப் பார்க்கலாம். அக்ரஹாரத் தெருவில்கூட ஒரே வளைப்பில் திரும்பும் வண்டி.

வேலை செய்கிறவன் கண்ணால் பார்த்தால் இதற்கு ஒரு பெரிய வசதி: சேஸிஸ் தனி, உடம்பு தனி. உடம்பும் துண்டு துண்டாக போல்ட்டில் மாட்டியது. துரு தின்ற துண்டைக் கழற்றித் தனியாகச் செய்து மாட்டலாம். பார்க்க வேண்டியது சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை. அவைதான் முதலில் உளுத்துப்போகும்.

சிக்கல் வேறு இடத்தில். இந்த வண்டியைக் கழற்றி மாட்டிய மெக்கானிக் இன்று எல்லை இரண்டு பக்கமும் சேர்த்துத் தேடினாலும் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். உதிரிபாகம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகவே செய்து விற்கிறார்கள், ஆனால் விலையோடு கப்பல் கூலியும் சுங்கமும் சேரும். இந்தியாவில் மட்டும் வந்த மாடலின் அலங்காரச் சாமான் அங்கேயும் கிடைக்காது. பின்பக்க அச்சு ஊசலாடும் வகை. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும், தெரிந்து ஓட்ட வேண்டும்.

இங்கே ஓடிய ஹெரால்டு எல்லாமே 50 வயது தாண்டியவை என்பதால், அசல் கெடாமல் இருந்தால் விண்டேஜ் பதிவுக்கு வழி உண்டு. ஏற்கெனவே ஒரு வண்டியை எழுப்பிப் பழகியவர், அவசரமில்லாதவர், இரண்டு மூன்று வருஷம் ஷெட்டை அடைத்து வைக்க இடமுள்ளவர் மட்டும் தொடுங்கள்.

மகிந்திரா ஜீப்

உடம்பு பற்றிய பயமே வேண்டாம். நேர்த்தகரம், தனி சேஸிஸ். புதிதாகவே உடம்பு கட்டித் தரும் பட்டறைகள் கேரளம் முழுக்க உண்டு. மெக்கானிக் எங்கும் இருப்பார். நெல்லியாம்பதி, பரம்பிக்குளம் பக்கம் தோட்டம் உள்ளவருக்கு இது வேலைக்கும் ஆகும்.

ஆனால் காகிதத்தில் மிக மோசமாக மாட்டுவதும் ஜீப்தான். சேஸிஸ் வெட்டி ஒட்டியது, ஏலத்தில் எடுத்து நம்பர் மாறியது, ஒரு வண்டியின் ஆர்.சி.யில் இன்னொரு வண்டி ஓடுவது எல்லாம் இதில் சகஜம். சேஸிஸ் நம்பரைச் சுற்றி வெல்டிங் தடம் தெரிந்தால் விலை பேசவே வேண்டாம். அகல டயர், தூக்கிய ஸ்பிரிங், வெட்டிய பம்பர் போட்ட வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவையும் விலையில் கழியுங்கள்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | அம்பாசிடர் | பத்மினி | ஹெரால்டு | ஜீப் |
|---|---|---|---|---|
| உடம்பு | தனி சேஸிஸ் இல்லை. கீழ்ப் பட்டை முக்கியம் | தனி சேஸிஸ் இல்லை. துரு ஒளிந்திருக்கும் | தனி சேஸிஸ், போல்ட் உடம்பு | தனி சேஸிஸ், புது உடம்பே கிடைக்கும் |
| சாமான் | சுலபம் | இன்ஜின் சுலபம், குரோம் கஷ்டம் | வெளிநாட்டிலிருந்து | சுலபம் |
| மெக்கானிக் | எங்கும் | தேடினால் உண்டு | அரிது | எங்கும் |
| காகித ஆபத்து | இன்ஜின் மாற்றம், டாக்ஸிப் பதிவு | குறைவு | வாரிசுக் கையெழுத்து | மிக அதிகம் |
| யாருக்கு | முதல் முறை | டிங்கர் கைவசம் உள்ளவருக்கு | பழகியவருக்கு | தோட்டக்காரருக்கு |

யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு

வண்டியை ஏற்றிவரும் கூலி. டயர் ஐந்து, அம்பாசிடரின் 5.90-15, பத்மினியின் 5.20-14 எல்லாம் ஓரத்துக் கடையில் கிடைக்கும் அளவு அல்ல. கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங், குரோம் பூச்சு, எலி கடித்த வயரிங், நாலு சக்கரத்துக்கும் பிரேக் சிலிண்டர். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பிரேக்கை முழுக்கப் புதிதாக்காமல் ரோட்டில் இறக்காதீர்கள்.

பெட்ரோலையும் சொல்ல வேண்டும். இப்போது பங்க்கில் வருவது 20 சதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸையும் இன்ஜினில் இருக்கும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமையும் அது ஊறவைத்து இளக்கிவிடும். ஈரத்தை இழுத்துக்கொள்வதால் மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியின் டாங்க் உள்ளே துருப்பிடிக்கும். ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், டாங்க்கைக் கழற்றிக் கழுவுங்கள், மாதம் ஒரு முறையாவது ஓட்டுங்கள். வால்வு சீட்டைத் தேயாமல் காத்த, ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோடு நின்றுவிட்டதால், இன்ஜின் ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான வால்வு சீட் போட்டுவிட்டால் இன்னொரு முறை கழற்ற வேண்டாம்.

அசல் எப்படி இருக்கும் என்று தெரியாமல் பெயின்டருக்கு நிறம் சொல்லாதீர்கள். கோவை அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு அரை நாள் ஒதுக்கிப் போய், பழைய வண்டிகளின் தையல், பீடிங், கைப்பிடி எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு

போட்டோவில் பார்த்தவரை வடகரப்பதி அம்பாசிடரைத்தான் முதலில் போய்ப் பாருங்கள். காய்ந்த ஊர், கேரளப் பதிவு, உங்கள் வீட்டிலிருந்து பக்கம். இன்ஜின் சுற்றவில்லை என்று விற்பவரே சொல்கிறார், அதை விலை குறைக்கும் காரணமாக வைத்துக்கொள்ளுங்கள், பயப்படாதீர்கள். அதன் காகிதம் ஒத்துவராவிட்டால் பொள்ளாச்சி பத்மினி, காந்தமும் ஜாக்கியும் சம்மதித்தால் மட்டும். நெம்மாறை ஜீப் போட்டோவில் சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் புதுப் பெயின்ட் தெரிகிறது, அதை விட்டுவிடுங்கள்.

ஒற்றப்பாலத்து ஹெரால்டு மேல்தான் உங்களுக்கு ஆசை என்று எழுத்திலேயே தெரிகிறது. அதை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. போவதானால் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். பழைய லுங்கி ஒன்று, டார்ச் ஒன்று, ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கொள்ளுங்கள். லுங்கியை விரித்து வண்டிக்குக் கீழே படுத்து, சேஸிஸின் பக்கக் கைகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பாருங்கள். பிறகு உள்ளே ஏறி, கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டைத் தூக்கி உள்ளங்கையை வையுங்கள். கை ஈரமானால் எனக்குப் போன் செய்யுங்கள், விலை பேசும் முன்.